முரசுக்கு ஒட்டு: பொதியைக் கேட்கு முன் இடத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணத்தில், அதாவது மேல்வாயில், கத்தி வைத்துத் துண்டு எடுக்காமலே முரசை (தோட்டப்புறத்தில் சொல்கிற ஈறை) வளர்த்துவிடலாம், அதற்கென்றே பொதியில் அடைத்த கொலாஜன் என்ற புரதப் பொருள் வந்துவிட்டது என்ற பேச்சு கண்டி தொடங்கி பண்டாரவளை வரை பரவியிருக்கிறது. பல்லின் வேர் வெளியே தெரிகிறவர்களும், இம்பிளாண்ட் (தாடையெலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்தக் காசு சேர்த்து வைத்திருப்பவர்களும் பொதியின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். கேட்டுவிட்டார்களே என்று சில இடங்களில் வைத்தும் விடுகிறார்கள். ஆறு மாதத்தில் முரசு பழையபடி இறங்கியதும் பழி பொருளின் மேல் விழுகிறது. பெரும்பாலும் பொருளில் பிழை இருப்பதில்லை. அது பிடிக்க முடியாத இடத்தில் வைக்கப்பட்டதே பிழை. எது எங்கே பிடிக்கும் என்று தமிழில் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் இக்கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

கண்ணாடி முன் நின்று கீழுதட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். பல்லை ஒட்டி, தோடம்பழத் தோலைப் போலச் சிறு குழிகளோடு, இழுத்தாலும் அசையாத ஒரு பட்டி தெரியும். நம்மவர் பலருக்கு அதில் கறுப்பு படிந்திருக்கும், அது நோயல்ல. அதற்குக் கீழே பளபளவென்று சிவந்து, உதட்டோடு சேர்ந்து அசையும் மெல்லிய தோல். மேலே உள்ள பட்டிதான் கெட்டி முரசு. இந்தக் கெட்டிப் பட்டி 2 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும் என்ற அளவு 1972 இல் முரசு ஆய்வாளர்களான லாங், லோ ஆகிய இருவரின் ஆய்விலிருந்து வந்தது. அதைவிடக் குறைந்திருந்தும் பல்லை ஒழுங்காகத் துலக்கி நலமாக வைத்திருப்போர் உண்டு. ஆகவே பட்டி ஒடுங்கியிருப்பது மட்டுமே வெட்டித் தைக்கக் காரணமாகாது. வேர் தெரிந்தாலும் அது மேலும் இறங்காமல், கூச்சம் இல்லாமல், பிரஷ் பட்டால் வலிக்காமல் இருந்தால், கடினமான பிரஷ்ஷைத் தூக்கி எறிந்து மென்மையானதை வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும்.

ஒட்டு, அதாவது வேறிடத்துத் துண்டையோ பொதிப் பொருளையோ வைத்துத் தைப்பது, தேவைதான் என்றால், அந்த இடத்தில் குறைவது என்ன என்பதே முதற்கேள்வி. கெட்டிப் பட்டியின் அகலம் குறைவா? பட்டி இருந்தும் அது காகிதம் போல மெலிந்திருக்கிறதா? அல்லது வெளியே தெரியும் வேரை மூட வேண்டுமா? மூன்றும் வெவ்வேறு வேலைகள், மூன்றுக்கும் ஒரே பொருள் ஒத்துவராது. அகலத்துக்கு அண்ணத்திலிருந்து மேல்தோலோடு சீவி எடுக்கும் துண்டு முதலிடம். தடிப்புக்கும் வேரை மூடுவதற்கும் அண்ணத்தின் உட்பகுதியிலிருந்து எடுக்கும் தொடுப்பிழையம் (மேல்தோலுக்கு அடியிலுள்ள நார் நிறைந்த பகுதி) முதலிடம். அதை முரசுக்கு அடியில் செருகி, முரசை மேலே இழுத்துத் தைப்பார்கள். பொதியில் வருபவை எல்லாம் இந்த இரண்டோடு ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன.

அண்ணத்துத் துண்டுக்கு ஏன் இந்த முதலிடம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஓரிடத்தின் மேல்தோல் கெட்டியாக வருமா, மெலிந்து அசையும் தோலாக வருமா என்பதை அதற்கு அடியில் இருக்கும் தொடுப்பிழையமே தீர்மானிக்கிறது. காரிங், லாங், லோ ஆகியோர் 1975 இல் குரங்குகளில் செய்து காட்டியது இதுதான். கெட்டி முரசின் தொடுப்பிழையத்தை எடுத்து அசையும் தோலுக்கு அடியில் பதித்தார்கள். அதன் மேல் புதிதாக வளர்ந்த தோல் கெட்டியாக வந்தது. அண்ணத்துத் துண்டு போகும் இடத்துக்குத் தன் குணத்தையும் கொண்டு போகிறது. பொதியில் வரும் கொலாஜனில் உயிரணு கிடையாது. அது கொடி படர நட்ட பந்தல் மாதிரி. பக்கத்தில் எந்தக் கொடி இருக்கிறதோ அதுதான் ஏறும். ஒட்டு வைக்கும் இடத்தின் ஓரத்தில் கெட்டி முரசு ஒரு மில்லிமீற்றராவது மிச்சமிருந்தால், அங்கிருந்து உயிரணுக்கள் பந்தலில் ஏறிக் கெட்டித் தோலாகப் பரவும். சுற்றிலும் அசையும் தோல் மட்டுமே இருந்தால் அதுவே பரவும். சில மாதங்களில் வைத்த சுவடே இராது. பொதி பல சமயம் வீணாவது இந்தக் காரணத்தால்தான்.

அண்ணத்தில் எடுப்பது எப்படி என்று தெரியாததால்தான் பயம் பெரிதாக இருக்கிறது. எடுப்பது வேட்டைப்பல்லின் பின்பக்கத்துக்கும் முதலாவது பெரிய கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதியில். அந்தக் கடைவாய்ப்பல்லின் உட்புற வேர் புடைத்திருக்கும் இடத்தில் தசை மெல்லியது. அங்கே எடுத்தால் துண்டும் போதாது, வேரும் வெளிப்படும். பல்லோர முரசிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளியே முதல் வெட்டு விழ வேண்டும். ஆழத்தில் பெரிய இரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. தட்டையான அண்ணத்தில் அது பல்லின் கழுத்திலிருந்து சுமார் 7 மி.மீ., நடுத்தர அண்ணத்தில் 12 மி.மீ., உயர்ந்து குழிந்த அண்ணத்தில் 17 மி.மீ. தூரத்தில் இருக்கும். ஆகவே தட்டையான அண்ணம் உள்ளவருக்கு அகலமான துண்டு எடுக்கப் போகக்கூடாது. விறைப்பூசி போட்ட பிறகு, ஊசியில் ஒரு றப்பர் வளையத்தைக் கோர்த்து எலும்பு தட்டும் வரை இறக்கினால் அந்த இடத்தின் தடிப்பு தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடம் போதும், அதைத் தவறவிடவே கூடாது.

மேல்தோலோடு எடுக்கும் துண்டு 1 முதல் 1.5 மி.மீ. தடிப்பில் இருக்க வேண்டும். மெலிந்தால் சுருங்கிப் போகும். 2 மி.மீ. ஐத் தாண்டினால் நடுப்பகுதிக்கு ஊட்டம் எட்டாது. ஏனென்றால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் துண்டுக்குச் சொந்தமாக இரத்தவோட்டம் கிடையாது. படுக்கையிலிருந்து, அதாவது துண்டை வைக்கும் இடத்திலிருந்து, கசியும் நீரை உறிஞ்சியே அது உயிர் பிடித்திருக்கும். அதன் பிறகுதான் இரத்தக்குழாய்கள் ஊடுருவத் தொடங்கும். இதனால் துண்டின் அடியில் இரத்தம் கட்டியாக உறையவும் கூடாது, துண்டு அசையவும் கூடாது. தைத்து முடித்ததும் ஈரமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது அதற்காகத்தான். எலும்பைப் போர்த்திய சவ்வை அப்படியே விட்டு, அதன் மேலுள்ள தசைநார்களை மட்டும் சீராகச் சீவிப் படுக்கையைத் தயாரிக்க வேண்டும். நார் ஒன்று மிஞ்சினாலும் உதடு அசையும்போதெல்லாம் அது துண்டை இழுக்கும். துண்டின் அடியில் மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டியிருந்தால் அதைக் கத்தரித்துவிட வேண்டும், அது இரத்தக்குழாய்களுக்குக் குறுக்கே நிற்கும். இவ்வளவும் சரியாக நடந்தாலும் முதற்சில மாதங்களில் துண்டு நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை சுருங்கும். அதைக் கணக்கிலெடுத்துப் பெரிதாகவே எடுப்பது வழக்கம்.

அண்ணத்துக்குக் குறைகளும் உண்டு. எடுத்த இடம் வெந்த புண் போல இரண்டு வாரம் எரியும். முதல் நாளிரவு இரத்தம் கசியலாம். மேல்தோலோடு எடுத்த துண்டு ஒட்டிய இடத்தில் வெளிறித் தனித்துத் தெரியும். சிரிக்கும்போது தெரியும் முன்பற்களுக்கு அது அழகாகாது. ஆறு, எட்டுப் பற்களுக்கு ஒரே தடவையில் போதுமான துண்டு அண்ணத்தில் கிடைக்காது. இப்படிப்பட்ட இடங்களில்தான் பொதிக்கு வேலை இருக்கிறது.

பொதிகளும் ஒரே மாதிரியானவையல்ல. மியூக்கோகிராஃப்ட் போன்றது பன்றியிலிருந்து எடுத்த, இரண்டு அடுக்குள்ள கொலாஜன். ஒரு பக்கம் வழவழப்பாக, நெருக்கமாக இருக்கும்; மறுபக்கம் பஞ்சு. பஞ்சுப் பக்கம் படுக்கையைப் பார்க்க வேண்டும். இதை முன்கூட்டியே நனைக்கக்கூடாது. உலர்ந்தபடியே அளவாக வெட்டி வைத்தால் நோயாளியின் இரத்தத்தையே உறிஞ்சிக்கொள்ளும். விரலால் அழுத்தி நசுக்கினாலோ இழுத்துத் தைத்தாலோ உறிஞ்சும் துளைகள் மூடிக் காரியம் கெடும். ஓரத்தில் கெட்டி முரசு மிச்சமுள்ள இடத்தில், அகலத்துக்காக, மூடாமல் வெளியே தெரியவும் விடலாம். அண்ணத்துத் துண்டு தரும் அகலத்தை இது தராது. ஆனால் நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும், வலி குறைவு, நாற்காலியில் இருக்கும் நேரமும் குறைவு.

அலோடேர்ம் எனப்படுவது தானமாகப் பெற்ற மனிதத் தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கித் தயாரித்தது. மியூக்கோடேர்ம் அதே வகையில் பன்றித் தோல். இவை விறைப்பான அட்டை போல வரும். சேலைனில் (மருத்துவ உப்புநீரில்) ஊறி மிருதுவான பிறகே வைக்க வேண்டும். அலோடேர்முக்கு இரண்டு பக்கம் உண்டு, கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். ஒரு சொட்டு இரத்தத்தைத் தடவிச் சேலைனில் அலசினால் உட்பக்கம் சிவப்பைப் பிடித்து வைத்திருக்கும், மேற்பக்கம் வெளுத்துவிடும். இந்த வகைகளை முரசால் முழுமையாக மூடிவிட வேண்டும். தையல் விட்டு ஓரம் வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி கூழாகிக் கழியும். மூடும் முரசு இழுவிசையில்லாமல், தானே வந்து படிகிற அளவுக்குத் தளர்த்தப்பட்டிருக்க வேண்டும். இழுத்துப் பிடித்துத் தைத்த முரசு மூன்றாம் நாள் வீக்கத்திலேயே பின்வாங்கிவிடும்.

ஃபைப்ரோகைட் என்பது இன்னும் தடித்த பஞ்சு, அளவு குறையாமல் நிற்பதற்கென்று கொலாஜன் இறுக்கப்பட்டது. அகலம் கூட்டுவது இதன் வேலையல்ல, தடிப்புக்கு மட்டுமே. நனைந்ததும் நாலில் ஒரு பங்களவு உப்பும் என்பதால் இடத்தைவிடச் சிறியதாகவே வெட்டி, ஓரங்களைச் சரிவாகச் சீவ வேண்டும். பொதியிலிருந்து வந்த தடிப்பிலேயே உள்ளே திணித்தால் மேலே மூட முரசு போதாது, தையல் பிய்யும். இந்தப் பொருள் தோற்றுப்போவதில் பாதிக்குமேல் கத்தரிக்கோலைச் சரியாகப் பயன்படுத்தாததால் என்பதே எங்கள் கருத்து.

கையில் இரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காத குழாயில் சுழற்றித் தயாரிக்கும் படலத்தையும் பலர் கேட்கிறார்கள். அதற்குச் செலவு குறைவு, பிறவுயிர்ப் பொருளும் இல்லை. எடுத்த ஓரிரு நிமிடத்துக்குள் இயந்திரம் சுழலத் தொடங்க வேண்டும். தாமதித்தால் இரத்தம் குழாயிலேயே உறைந்து படலம் துண்டு துண்டாக வரும். இது இரண்டு வாரமளவில் கரைந்துபோகும். அண்ணத்தில் துண்டு எடுத்த புண்ணின் மேல் போர்த்தினால் நன்றாக ஆறும், வலியும் குறையும். தனியாக இதை மட்டும் வைத்துக் கெட்டி முரசு வளரும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

பல இம்பிளாண்ட் வரிசையாக இருந்து, கெட்டி முரசு துளியும் இல்லாத கீழ்த்தாடைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. அண்ணத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. அகலமுள்ள ஒடுங்கிய நாடா ஒன்றை மட்டும் எடுத்துப் படுக்கையின் அடியோரத்தில் தைத்துவிட்டு, அதற்கும் மேலோரத்துக்கும் இடைப்பட்ட பரப்பைக் கொலாஜனால் நிரப்புவது. நாடா அசையும் தோல் ஏறிவருவதைத் தடுக்கும் வேலியாகவும் நிற்கும், கெட்டித் தோலுக்கு விதையாகவும் இருக்கும். அண்ணத்தில் உண்டாகும் காயமும் சிறியது.

இம்பிளாண்டைச் சுற்றிய முரசுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. பல்லின் வேரில் முரசின் நார்கள் செங்குத்தாகப் பதிந்திருக்கும். இம்பிளாண்டின் டைட்டேனிய உலோகத்தில் அவை பதிய முடியாது, பக்கவாட்டில் தழுவிக்கொண்டு மட்டும் நிற்கும். வேரைச் சுற்றிய சவ்வு வழியாக வரும் இரத்தவோட்டமும் அங்கே இல்லை. அதனால் கெட்டிப் பட்டி 2 மி.மீ. க்குக் குறைந்தால் பிரஷ் படும்போது வலிக்கும், வலிக்கு அஞ்சித் துலக்காமல் விடுவார்கள், அழுக்குப் படியும், எலும்பு தேயும். முன்பல் பகுதியில் முரசின் தடிப்பு 2 மி.மீ. க்குக் குறைந்தால் உலோகத்தின் சாம்பல் நிறமும் வெளியே அடிக்கும். ஒட்டு வைக்க வசதியான வேளை இம்பிளாண்டைத் திறந்து மேற்பகுதியைப் பொருத்தும் இரண்டாம் கட்டம். பல் கட்டி முடித்து, முரசு இறங்கி, இம்பிளாண்டின் திருகு மரை வெளியே தெரிந்த பிறகு வைப்பது கடினம். அழுக்குப் படிந்த உலோகத்தின் மேல் எந்தப் பொருளும் முழுமையாகப் படியாது. சீழ் வடியும் இம்பிளாண்டில் முதலில் சீழுக்குச் சிகிச்சை, ஒட்டு பிறகு.

மலையகத்தவர் தனியாக அறிய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மேலே சொன்ன ஹரால்ட் லோ 1970 முதல் நமது தேயிலைத் தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளர்களின் முரசைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். பல் வைத்தியமே எட்டாதவர்களில் முரசு நோய் எப்படிப் போகும் என்பதற்கு உலகப் பாடநூல்கள் இன்றும் காட்டுவது நம் தோட்டத்து வாய்களைத்தான். அவர்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு நோய் வேகமாகவும், 81 வீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 வீதத்தினருக்கு முற்றவேயில்லை. 30 வயதுக்குள் 90 வீதத்தினருக்கு முரசு இறங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த நோர்வேக்காரர்களுக்கும் இறங்கித்தான் இருந்தது, ஆனால் பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும், துலக்கித் தேய்ந்ததால். நம்மவர்களுக்கு உட்பக்கத்திலும், இரண்டு பற்களுக்கு இடையிலும் இறங்கியிருந்தது. ஒட்டுச் சிகிச்சையில் இந்த வேறுபாடுதான் எல்லாம். இடைமுரசும் அதன் எலும்பும் முழுதாக இருந்தால் வேரை முற்றாக மூடலாம். இடைமுரசு தேய்ந்திருந்தால் அது நிற்கும் மட்டத்துக்கு மேல் எந்தப் பொருளாலும் முரசை ஏற்ற முடியாது. அண்ணத்துத் துண்டும் ஏற்றாது, விலை கூடிய பொதியும் ஏற்றாது. பற்களுக்கிடையே கறுத்த முக்கோண இடைவெளி தெரியும் ஒருவருக்கு "வேர் முழுவதும் மூடும்" என்று வாக்குக் கொடுப்பது தவறு.

வெற்றிலை போடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். பாக்கு அண்ணத்தையும் கன்னத்தையும் வெளிறச் செய்து நாராக இறுக்கும். வாய் இரண்டு விரலளவுக்குமேல் திறக்காதவருக்கு, அண்ணம் வெள்ளைக் கல் போலிருப்பவருக்கு, அங்கே வெட்டினால் ஆறத் தாமதமாகும். முதலில் பார்க்க வேண்டிய நோயே அதுதான். அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலையும் சிகரட்டும் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ஒட்டுக்கு ஊட்டம் போகாது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

ஒட்டு வைத்த பிறகு முதல் இரண்டு வாரம்தான் கண்டம். மலையகக் குளிரில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிப்பது நம் பழக்கம். அண்ணத்தில் உறைந்த இரத்தம் அந்தச் சூட்டில் கரைந்து மறுபடி கசியும். முதல் இரண்டு நாள் ஆறவைத்தே குடியுங்கள். கசிந்தால், நனைத்துக் குளிரவைத்த தேயிலைப் பையைச் சுத்தமான விரலால் இருபது நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காமல். நிற்காவிட்டால் வைத்தியசாலைக்கு. ரொட்டியும் கட்டச்சம்பலும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, அவித்த முட்டை போதும். அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது. குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி நீரால் காலையும் மாலையும் வாய் கொப்பளிக்க வேண்டும். உதட்டைத் தூக்கித் தூக்கி அயலவருக்குக் காட்டுவதால் போன ஒட்டுகள் ஏராளம். மூன்றாம் நாள் அண்ணத்துத் துண்டு வெளுத்து மேல்தோல் உரிவதும், வெளியே விட்ட கொலாஜன் மஞ்சள் பாகு போலத் தெரிவதும் இயல்பு. சீழ் என்று எண்ணித் துடைத்துவிடாதீர்கள். கெட்ட நாற்றம், கறுப்பு, கூடிவரும் வலி, காய்ச்சல் இவை வந்தால்தான் உடனே போக வேண்டும். தையல் வெட்டுவது 10 முதல் 14 நாளில். தோட்டத்திலிருந்து கண்டிக்கு இரண்டு பஸ் மாறி வருபவர்கள் அந்தத் திகதியையும் லீவையும் ஒட்டு வைக்கு முன்பே ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

கடைசியாக, பற்சிகிச்சை நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொருட்களில் பல பன்றியிலிருந்தும், சில மாட்டின் தசைநாணிலிருந்தும், சில இறந்த மனிதரின் தோலிலிருந்தும் வருகின்றன. நம் பகுதியில் மாட்டை உண்ணாதவரும் பன்றியைத் தொடாதவரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். சம்மதப் படிவத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருப்பதைக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வைத்துவிடுவது நியாயமல்ல. எந்த உயிரிலிருந்து வந்தது என்பதைத் தமிழில் வாயால் சொல்லி, வேண்டாமென்றால் அவருடைய அண்ணத்திலிருந்தே எடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதியோடு வரும் ஒட்டுச்சீட்டில் பொருளின் பெயரும் தொகுதி இலக்கமும் அச்சிட்டிருக்கும். அதில் ஒன்றை நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுங்கள். பிறகு வேறு வைத்தியரிடம் போக நேர்ந்தால், உள்ளே இருப்பது என்னவென்று அவர் ஊகிக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
முரசுச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள பல் வைத்தியர்கள் இருவர்,
கண்டி.